இயந்திரத்துள் விழும் உறைபனி: குளிரூட்டியில் பனி கட்டுவதும் நீங்குவதும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

நெகிரி செம்பிலானில் உறைபனி விழுவதில்லை. நம் நாட்டு வானிலை நிலையங்களின் பதிவுகளுள் மிகக் குறைந்த வெப்பநிலை, 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவான 7.8 பாகை செல்சியஸ் ஆகும். நீர் உறைவதற்குரிய சுழியப் பாகை அதற்கும் வெகு கீழே உள்ளது. கினபாலு மலையுச்சியில் எப்போதேனும் தோன்றும் பனிப்படலத்தை ஒதுக்கிவிட்டால், இம்மண்ணில் நீர் தானாக உறைவதைக் காண இயலாது.

எனினும், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் ஆகிய வட்டாரங்களில் பனிக்கட்டியைத் தம் வீட்டுச் சுவரிலேயே கண்டவர் உளர். லயத்து வீடுகளின் தகரக் கூரை வெப்பத்தைக் கைவிசிறியால் தணித்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள், இன்று தாங்கள் வாழும் வீடுகளில் குளிரூட்டி பொருத்தியுள்ளனர். சில நாளில் அக்குளிரூட்டியிலிருந்து காற்று குறைகிறது, நீர் சொட்டுகிறது, முகப்பைத் திறந்தால் உள்ளே வெண்ணிறப் பனி கட்டியிருக்கிறது.

இதே பனி குளிர்நாடுகளிலும் தோன்றுகிறது. அங்கே குளிர்காலத்தில் குளிரூட்டியைத் திருப்பி இயக்கி வீட்டைச் சூடேற்றுவர். அப்போது வீட்டுக்கு வெளியே உள்ள பெட்டியில் பனி படிகிறது. இயந்திரம் சிறிது நேரம் தன் வேலையை நிறுத்தி, அப்பனியைத் தானே உருக்கிவிட்டு, மீண்டும் சூடேற்றத் தொடங்குகிறது. நார்வேயிலும் கனடாவிலும் வாழும் தமிழர் பலருக்கு இது பழகிய காட்சி.

இருவகைப் பனிக்கும் காரணமான இயற்கை விதி ஒன்றே. ஆயினும் அங்கே அது எதிர்பார்த்த நிகழ்வு; இங்கே அது நோயின் அறிகுறி. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை அறியாமையால் வீண் செலவும், இயந்திரக் கேடும், காற்றுமண்டலத்திற்குத் தீங்கும் நேர்கின்றன.

2. பனி என்னும் ஒரு சொல்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சமவெளியில் வாழ்ந்தோர்க்குப் பனி என்பது பெரும்பாலும் புல்மேல் நிற்கும் துளியும் கண்ணை மறைக்கும் மூட்டமுமே. இன்றோ அச்சொல்லைப் பலவற்றிற்கும் ஆளுகிறோம். ஆகவே அறிவியல் பேசுங்கால் அடைமொழி சேர்த்துப் பிரித்துக் கூறுதல் நலம்.

காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் ஒடுங்கி நீர்த்துளியாவது பனித்துளி. காற்றிலேயே நுண்துளிகளாகி மிதப்பது மூடுபனி. சுழியப் பாகைக்குக் கீழே குளிர்ந்த பரப்பின்மேல் நீராவி நேரே வெண்துகளாக உறைந்து படிவது உறைபனி. நீர் உறைந்து இறுகியது பனிக்கட்டி. குளிரூட்டியினுள் இவற்றுள் மூன்றைக் காணலாம்: முதலில் பனித்துளி, பின்னர் உறைபனி, முடிவில் பனிக்கட்டி.

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமற்ற, காற்றசையாத இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. தரையும் இலையும் தம் வெப்பத்தைத் திறந்த வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். பனி மேலிருந்து விழுகிறது என்று வழக்கில் கூறுகிறோம். உண்மையில் அது மேலிருந்து விழுவதன்று. குளிர்ந்த பரப்பிலேயே பிறப்பது. குளிரூட்டியின் உள்ளே நிகழ்வதும் இதுவே.

நம் தோட்டங்களில் உறைபனி இல்லாவிடினும், காற்றின் ஈரம் குறித்த அறிவு தோட்ட மக்களுக்குப் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்குச் சென்றோர் ஈரப்புல்லில் நடந்தே சென்றனர். பால்மரம் விடியற்காலையில் சீவப்படுவதற்கும் காற்றின் ஈரம் ஒரு காரணம். குளிர்ந்த, ஈரம் நிறைந்த இரவில் இலைகள் நீரை மிகுதியாக இழப்பதில்லை. ஆதலால் மரத்தினுள் நீரழுத்தம் உயர்ந்து நிற்கும். பாலும் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் தளரும்.

அந்த ஈரத்தின் அளவை எண்ணிப் பார்ப்போம். வெப்பக் காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். ஒரு கன மீட்டர் வெளியில் 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கலாம். 10 பாகையில் ஏறத்தாழ 9 கிராம். சுழியப் பாகையில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. நம் வட்டாரத்துப் பகற்காற்றில் கன மீட்டருக்கு 20 கிராம் அளவில் நீராவி இருப்பது இயல்பு. 9 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய வகுப்பறை ஒன்றைக் கொள்க. அதன் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறத்தாழ 4 லிட்டர் நீர் கரந்துறைகிறது.

காற்றைக் குளிரச் செய்துகொண்டே போனால், ஒரு நிலையில் அதனால் தன் நீராவியைத் தாங்க இயலாது. நீர் பிரியத் தொடங்கும். அவ்வெப்பநிலையைப் பனிநிலை என்பர். நம் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 23, 24 பாகை. அதனினும் குளிர்ந்த எப்பொருளும் இங்கே வியர்க்கும். ஐஸ் நீர் ஊற்றிய குவளை வியர்ப்பது அதனாலேயே.

3. வெப்பத்திற்கோர் ஏற்றம்

மேட்டு நீர் பள்ளத்திற்குத் தானே பாயும். பள்ளத்து நீரை மேட்டிற்குக் கொணர நம் முன்னோர் ஏற்றம் இறைத்தனர். அதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. வெப்பமும் அவ்வாறே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு அது தானே செல்லும். எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமாயின் உழைப்பு வேண்டும். குளிரூட்டி என்பது மின்னாற்றலால் இயங்கும் வெப்ப ஏற்றம். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது.

இறைக்கும் சால் எது? குளிர்பொருள் எனப்படும் ஒரு திரவம். வழக்கில் அதைக் ‘கேஸ்’ என்கிறோம். இன்று பரவலாகப் பயன்படும் ஆர்-32 என்னும் குளிர்பொருள், இயல்பான காற்றழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழே 52 பாகையளவிலேயே கொதித்து ஆவியாகும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை உயரும், குறைத்தால் தாழும். சமையலறைக் குக்கரில் நீர் 100 பாகையைக் கடந்த பின்னரே கொதிப்பதும் இவ்விதியாலேயே.

அறையினுள் உள்ள உட்பெட்டியில் குழாய்ச் சுருள் ஒன்றுண்டு. அதில் குளிர்பொருள் குறைந்த அழுத்தத்தில் கொதித்து, அறைக்காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரசர் என்று நாம் வழங்கும் அமுக்கி அவ்வாவியை இழுத்து நெருக்குகிறது, ஆவி சூடேறுகிறது. வெளிப்பெட்டியின் சுருளில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றிற்கு விட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒடுங்கிய நுண்குழாய் வழியே செல்லும்போது அழுத்தம் வீழ்ந்து, மீண்டும் குளிர்ந்து, உட்பெட்டிக்குத் திரும்புகிறது.

நல்ல நிலையில் இயங்கும் குளிரூட்டியின் உட்சுருள் பொதுவாக 5 பாகைக்கும் 12 பாகைக்கும் இடைப்பட்டிருக்கும். இது நம் காற்றின் பனிநிலைக்கு வெகு கீழே. உறைநிலைக்குச் சற்று மேலே. ஆகவே சுருளின்மேல் நீர் ஒடுங்கும், ஆனால் உறையாது. அந்நீரே வடிகுழாய் வழியே வெளியே சொட்டுகிறது. காற்றின் ஈரத்தைக் குறைப்பது இவ்வியந்திரத்தின் தலைமைப் பணிகளுள் ஒன்று. அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902ஆம் ஆண்டில் வகுத்த அமைப்பு, புருக்ளின் நகர அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்கவே எழுந்தது.

4. குளிர்நாட்டில் பனி கட்டுவது ஏன்?

ஏற்றத்தைத் திருப்பி வைத்தால் நீர் மறுபக்கம் பாயும். இத்தகைய பொறியால் கட்டடங்களைச் சூடேற்றவும் கூடும் என்பதைப் பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் 1852இலேயே எடுத்துக்காட்டினார். இன்றைய இயந்திரங்களில் நால்வழி அடைப்பிதழ் ஒன்று குளிர்பொருளின் போக்கை மாற்றிவிடுகிறது. அப்போது உட்சுருள் சூடாகிறது, வெளிச்சுருள் குளிர்கிறது. அதாவது, குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இறைத்து வீட்டினுள் கொட்டுகிறது. ஒரு பங்கு மின்னாற்றலைச் செலவிட்டு மூன்று பங்கு அளவு வெப்பத்தைப் பெறுவது இதனால் இயல்கிறது.

குளிர்ந்த காற்றில் வெப்பம் உண்டோ என்று மாணவர் வினவலாம். உண்டு. சுழியப் பாகைக் காற்றிலும் வெப்பாற்றல் உள்ளது. அக்காற்றைவிடக் குளிர்ந்த பொருளொன்றை அதன்முன் வைத்தால் அவ்வெப்பம் அதற்குப் பாயும். வெளியே 2 பாகை எனில், சுருள் சுழியத்திற்குக் கீழே சில பாகை இருந்தாக வேண்டும். பனி கட்டுவதன் வேர் இங்கேயே உள்ளது. சுருள் பனிநிலைக்கும் கீழே, உறைநிலைக்கும் கீழே நிற்கிறது. அதைத் தொடும் காற்றின் நீராவி உறைந்து படிகிறது. இது பழுதன்று, அவ்வேலையோடு பிறந்தது.

குளிர் மிகுந்தால் பனியும் மிகும் என்று கருதுவது இயல்பு. நிகழ்வதோ வேறு. சுழியத்தை ஒட்டிய, ஈரம் நிறைந்த நாளிலேயே பனி மிக விரைவாகப் படிகிறது. 2 பாகையில் நிறையீரக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஐந்தரைக் கிராம் அளவு நீராவி உண்டு. சுழியத்திற்குக் கீழே 15 பாகையிலோ ஒன்றரைக் கிராம் அளவே உண்டு. கடுங்குளிர்க் காற்று வறண்டது. உறைவதற்கு அதில் நீர் குறைவு.

படிந்த பனி இரு வழிகளில் கேடு செய்கிறது. சுருளைச் சூழ்ந்துள்ள மெல்லிய அலுமினியத் தகடுகளின் இடைவெளியை அடைத்துக் காற்றைத் தடுக்கிறது. தன்னுள் சிறைப்பட்ட காற்றால் ஒரு போர்வைபோல் நின்று வெப்பத்தையும் தடுக்கிறது. வெப்பம் வராமையால் சுருள் மேலும் குளிர்கிறது. மேலும் குளிர்வதால் மேலும் பனி படிகிறது.

ஆகவே இயந்திரம் பனி நீக்கும் சுற்றொன்றை மேற்கொள்கிறது. உணரிகள் சுருளின் வெப்பநிலையை அறிந்து சொல்ல, நால்வழி அடைப்பிதழ் மீண்டும் திரும்புகிறது. இரு விசிறிகளும் நிற்கின்றன. சூடான ஆவி வெளிச்சுருளுக்குச் சென்று பனியை உருக்குகிறது. சில நிமிடங்களில் பனி நீராகி வடிந்துவிடும். அவ்வேளையில் வெளிப்பெட்டியிலிருந்து வெண்ணிற நீராவிப் படலம் எழும். அறியாதார் அதனைப் புகையென்று அஞ்சுவர்.

பனியை உருக்குவதற்கான வெப்பம் வீட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. எனில் ஈட்டியதை இழப்பதாகாதா? கணக்கிட்டால் வேறு விடை கிடைக்கிறது. ஒரு கிலோ நீராவி உறைபனியாகும்போது ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வெப்பத்தைச் சுருளுக்குக் கொடுக்கிறது. அப்பனியை உருக்க வேண்டுவதோ ஏறத்தாழ 334 கிலோஜூல். கொடுத்ததில் எட்டில் ஒரு பங்கே. இரும்பையும் அலுமினியத்தையும் சூடாக்கும் செலவு தனி. ஆக, பனி வெப்பம் தருவதால் கெடுப்பதில்லை, வழியடைப்பதாலேயே கெடுக்கிறது. காலத்தில் அகற்றினால் இழப்பு சிறிது.

5. நம் வீட்டில் பனி கட்டுவது ஏன்?

இப்போது நம் மாநிலத்திற்குத் திரும்புவோம். இங்கே குளிர்வது வெளிச்சுருளன்று, உட்சுருள். அதன்மீது வீசும் அறைக்காற்று 24 பாகைக்கு மேற்பட்டது. அவ்வெப்பம் முறையாக வந்து சேர்ந்தால் சுருள் உறைநிலைக்குக் கீழே இறங்காது. இறங்கியதாயின், வெப்பம் வந்து சேரவில்லை, அல்லது குளிர்பொருளின் அளவு குறைந்தது என்பதே பொருள்.

முதற்காரணம் காற்றுத் தடை. வடிகட்டி வலையில் தூசு அடைந்துவிட்டால், சுருளுக்குக் காற்று போதிய அளவு செல்லாது. செம்பனைத் தோட்டத்து மண்சாலையை ஒட்டிய வீடுகளில் வலை விரைவில் அடைபடும். விசிறி உருளையில் அழுக்குப் படிந்தாலும் இதே விளைவு. கொதிக்கும் குளிர்பொருளுக்கு வேண்டிய வெப்பம் கிடைக்காமையால் அழுத்தம் தாழ்கிறது. சுருள் சுழியத்திற்குக் கீழே செல்கிறது. ஒடுங்கிய நீர் உறைகிறது. உறைந்த நீர் மேலும் காற்றை அடைக்கிறது. குளிர்நாட்டில் கண்ட அதே சுழல் இங்கும் தொடங்குகிறது. ஆனால் இங்கே அதை அறுக்கும் பனி நீக்கும் சுற்று இல்லை. சில இயந்திரங்கள் உணரியின் துணையால் அமுக்கியை நிறுத்திக்கொள்ளும், பழையவை நிறுத்தமாட்டா.

இரண்டாம் காரணம் குளிர்பொருள் கசிந்து குறைதல். ‘கேஸ் குறைந்தால் குளிர் குறையத்தானே வேண்டும், பனி ஏன் கட்ட வேண்டும்?’ என்பது அறிவார்ந்த வினா. குளிர்பொருள் குறையும்போது சுருளினுள் அழுத்தம் தாழ்கிறது. அழுத்தம் தாழக் கொதிநிலையும் தாழ்கிறது. ஆகவே சுருளின் தொடக்கப் பகுதி மட்டும் கடுங்குளிராகிப் பனி கட்டுகிறது. எஞ்சிய பெரும்பகுதி குளிர்பொருளின்றி வறிதே நிற்கிறது. ஓரிடத்தில் பனி, அறையிலோ புழுக்கம். வெளிப்பெட்டியில் இணையும் மெல்லிய குழாயில் பனி வெளுத்திருப்பது இக்குறையின் அடையாளங்களுள் ஒன்று.

‘பனி கட்டும் அளவுக்கு நன்றாகக் குளிர்கிறது’ என்னும் பேச்சு, ஆகவே, தலைகீழானது. கட்டிய பனி அறைக்குக் கிடைக்காமற் போன குளிரின் அடையாளம். அதோடு தீங்கு நிற்பதுமில்லை. சுருளில் ஆவியாகாத திரவம் அமுக்கிக்குத் திரும்பிச் செல்லக்கூடும். அமுக்கி ஆவியை நெருக்க அமைந்தது. திரவத்தை நெருக்க இயலாது. அது பழுதானால், சில வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது பல நூறு வெள்ளிச் செலவாகும்.

6. செய்யத் தக்கனவும் தகாதனவும்

பனி கட்டியிருப்பதைக் கண்டால் குளிரூட்டலை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிடுதல் வேண்டும். அறைக்காற்றே பனியை உருக்கிவிடும். உருகும் நீர் வழிந்திறங்கலாமாதலின் கீழே வாளியோ துணியோ வைத்தல் நலம். திருப்புளியாலோ கத்தியாலோ பனியைக் குத்தி எடுத்தல் கூடாது. மெல்லிய குழாய் துளைபட்டால் குளிர்பொருள் முழுதும் வெளியேறிவிடும். கொதிநீர் ஊற்றுதலும் தகாது.

முற்றிலும் உருகியபின், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வடிகட்டி வலையைக் கழற்றி நீரில் கழுவி உலர்த்திப் பொருத்துக. இரு வாரத்திற்கு ஒருமுறை இதைச் செய்யும் வீட்டில் காற்றுத்தடையால் பனி கட்டுவது அரிது. 16 பாகையில் வைத்துக் குறைந்த விசிறி வேகத்தில் இரவு முழுதும் ஓட்டும் பழக்கத்தையும் கைவிடலாம். உறங்குவதற்கு 24 பாகை போதும்.

வலை தூய்மையாயிருந்தும் பனி மீண்டும் கட்டினால், பயிற்சி பெற்ற தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். அவரிடம், ‘கேஸ் நிரப்புங்கள்’ என்பதைவிட, ‘கசிவு எங்கே என்று பாருங்கள்’ என்று கேட்பதே சரி. குளிர்பொருள் விளக்கெண்ணெயைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய சுற்றில் அதே பொருள் ஆண்டுக்கணக்கில் சுழலும். குறைந்ததாயின் கசிந்தது என்றே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும்.

அங்ஙனம் கசிவது எங்கே செல்கிறது? பழைய இயந்திரங்களின் ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை உலகெங்கும் படிப்படியாக விலக்கிவரும் பொருள்களுள் அதுவும் ஒன்று. அதனிடத்தில் வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் புவியைச் சூடாக்குவதில், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு வலிமை உடையது. ஆர்-32 அதனில் மூன்றில் ஒரு பங்கு அளவினது.

7. வகுப்பறைச் செய்முறை ஒன்று

ஆசிரியர்கள் இதனை எளிதில் காட்டலாம். வெளிப்புறம் நன்கு துடைத்த எவர்சில்வர் குவளைகள் இரண்டை எடுத்துக்கொள்க. ஒன்றில் நொறுக்கிய ஐஸ் மட்டும் இடுக. மற்றொன்றில் அதே அளவு ஐஸுடன் அதில் மூன்றில் ஒரு பங்கு உப்பைக் கலந்து கிளறுக. சில நிமிடங்களில் முதற்குவளை வியர்க்கும், அதன்மேல் பனித்துளி. இரண்டாவதன் வெளிப்புறம் வெளுக்கத் தொடங்கும், அதுவே உறைபனி. விரல் நகத்தால் சுரண்டினால் வெண்துகளாக உதிரும். உப்பு ஐஸின் உறைநிலையைத் தாழ்த்துவதால், அக்கலவை சுழியத்திற்குக் கீழே பத்துப் பாகைக்கும் மேல் இறங்கக்கூடியது. வெறுங்கையால் அதை நெடுநேரம் பற்றலாகாது.

முதற்குவளை நலமாக இயங்கும் குளிரூட்டி. இரண்டாவது நோயுற்ற குளிரூட்டி. பின்னர் மாணவரிடம் ஒரு வினா விடுக்கலாம்: ‘இரண்டாம் குவளையின்மேல் விசிறிக் காற்றை வேகமாக வீசினால் பனி மிகுமா, குறையுமா?’ விடையை வாயால் சொல்லச் செய்யாமல், கையால் காணச் செய்க. வீசும் காற்று ஈரத்தையும் கொணரும், வெப்பத்தையும் கொணரும். எது வெல்லும் என்பதை அவர்களே கண்டறியட்டும்.

8. நிறைவாக

நம் இளைஞர் பலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனத் தொழில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறுகின்றனர். கருவிகளின் பெயர்களை அவர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்பர். அது தொழிலுக்குத் தேவை. ஆனால் ‘ஏன்’ என்னும் வினா தாய்மொழியில் தெளிந்திருந்தால், எம்மொழியில் கேட்பினும் விடை தடுமாறாது. பனிநிலை, ஒடுங்குதல், உள்ளுறை வெப்பம் ஆகியவற்றைத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளிலேயே வீட்டுச் சுவரிலுள்ள பொருளைக் காட்டி விளக்க இயலும்.

இயந்திரத்தில் பனியைக் கண்டவுடன் கை திருப்புளியைத் தேடுவது இயல்பு. அதற்கு முன் மனம் ஒரு வினாவைத் தேடுதல் வேண்டும்: இங்கே வந்து சேர வேண்டிய வெப்பம் எங்கே தடைபட்டது? அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவர், வலையைக் கழுவுவதோடு முடிய வேண்டிய வேலைக்குத் தம் பெற்றோர் மாதச் சம்பளத்தில் பாதியை இழக்காமற் காப்பர்.